சந்துப்பல்லை மூடுவதற்கு முன்னால்

2023 ஆகஸ்ட். திருச்சியில் ஒரு பல் மருத்துவமனை நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தேன். மூன்று வார லீவில் எட்டு நாள் கல்யாண வீடு, கோயில், துணிக்கடை என்று ஏற்கெனவே போய்விட்டது. "நாலு முன்பல்லையும் கொஞ்சம் ராவிட்டு கிரவுன் போட்டுடலாம்மா. அஞ்சே நாள்ல சந்து இருந்த இடமே தெரியாது" என்றார் டாக்டர். அறுபதாயிரம் ரூபாய். ஸ்டுட்கார்ட்டில் இதற்கு எவ்வளவு கேட்பார்கள் என்று மனசுக்குள் யூரோவில் கணக்குப் போட்டுப் பார்த்து, சரி என்று சொல்லியும் விட்டேன்.

அப்புறம் ரிசப்ஷனில் இருந்த பெண் லேபுக்குப் போன் போட்டாள். அங்கே பல் செய்கிறவர் ஊருக்குப் போயிருக்கிறாராம், பத்து நாளாகுமாம். என் ஃபிளைட் அதற்குள் கிளம்பிவிடும். "அடுத்த தடவை வரும்போது போட்டுக்கலாம்" என்று அம்மா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த லேப்காரர் யாரென்றே எனக்குத் தெரியாது. அவர் ஊருக்குப் போனதால்தான் என் நாலு பல்லும் இன்றைக்கு முழுசாக இருக்கிறது.

முன்பல் சந்து எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. பள்ளிக்கூடத்தில் என் பெயர் 'லெவல் கிராஸிங்'. பாட்டிக்கு மட்டும் அது பிடிக்கும். சந்துப்பல் இருந்தால் கையில் காசு தங்கும் என்பார். பிரெஞ்சுக்காரர்கள்கூட இதைச் 'சந்தோஷப் பற்கள்' என்றுதான் சொல்கிறார்கள். அமெரிக்க மாடல் லாரன் ஹட்டன் ஆரம்பத்தில் மெழுகை வைத்துச் சந்தை மறைத்துக்கொண்டு போஸ் கொடுத்தவர். பிறகு அந்தச் சந்தே அவருடைய அடையாளமாகிவிட்டது. எங்கள் வீட்டில் அவ்வளவு பெரிய தத்துவம் எதுவும் கிடையாது. "அவ அப்பா பல்லு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அப்பாவுக்கும் சந்துதான். ஐம்பது வயதுக்குள் அந்த இரண்டு முன்பல்லும் ஆடி விழுந்து, இப்போது கழற்றி மாட்டும் பல்செட் வைத்திருக்கிறார். அதையும் 'பரம்பரை' கணக்கிலேயே எழுதி வைத்திருந்தோம்.

இத்தனை வருஷம் உறுத்தாத சந்து முப்பத்து நாலு வயதில் ஏன் உறுத்த ஆரம்பித்தது? வீடியோ மீட்டிங்தான் காரணம் என்று நினைத்தேன். நாள் முழுக்க ஸ்க்ரீனின் மூலையில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் எந்தக் குறையும் பெருசாகத்தானே தெரியும்? உண்மையில் குறையே பெருசாகிக்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரியவில்லை.

ஊரிலிருந்து திரும்பி வந்ததும் இங்கே என் வழக்கமான பல் டாக்டரிடம் போனேன். ஐம்பது வயதைத் தாண்டிய அம்மா, அதிகம் பேசமாட்டார். சந்தை மூடணும், விலை சொல்லுங்கள் என்றேன். அவர் விலை சொல்லவில்லை. "இந்த இடைவெளி எப்பவும் இதே அளவுதானா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்ல வந்தேன். ஆனால் அளந்து பார்த்தவள் மாதிரிச் சொல்ல முடியவில்லை. போனில் 2014 கல்யாணப் போட்டோவைத் தேடி எடுத்தேன். வாய் நிறையச் சிரிக்கும் ஒரு குளோசப். பக்கத்தில் அன்றைக்கு அவர் எடுத்த படம். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் எனக்கே சொரேர் என்றது. பழைய படத்தில் ஒரு தீப்பெட்டி அட்டை நுழையும் சந்து. புதியதில் 2.4 மில்லிமீட்டர். வலது முன்பல் லேசாக வெளியே சாய்ந்து, இடதை விடக் கொஞ்சம் கீழே இறங்கியும் இருந்தது.

உடனே ஒரு மெல்லிய அளவுக் குச்சியை எடுத்து, ஒவ்வொரு பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் விட்டு ஆழம் பார்த்தார். உதவியாளர் கம்ப்யூட்டரில் எண்களைப் பதிந்துகொண்டே வந்தார். மூணு வரைக்கும் சரி. நாலுக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். என் பின்பற்களில் நாலு, அஞ்சு. முன்பற்கள் நடுவில் ஆறு. குச்சி வெளியே வரும்போது ரத்தமும் கூடவே வந்தது. எக்ஸ்ரேயில் அந்த இரண்டு பல்லுக்கு நடுவே இருக்கும் எலும்பு தேய்ந்து கீழே போயிருந்தது.

பல் தேய்க்கும்போது எச்சிலில் சிவப்பு வருவது எனக்கு நாலைந்து வருஷமாக உண்டு. பிரஷ் முரட்டுத்தனமோ என்று 'சாஃப்ட்' வாங்கி மாற்றிப் பார்த்தேன். அவ்வளவுதான் நான் செய்த வைத்தியம். வலி இல்லாததால் நோய் என்றே தோன்றவில்லை. ஈறு நோயின் குணமே அதுதான்: பல்லைப் பிடித்திருக்கும் எலும்பைச் சத்தமில்லாமல் கரைக்கும். பிடி தளர்ந்த முன்பல், நாக்கும் கீழ்ப்பல்லும் தள்ளுகிற பக்கம் மெதுவாக நகரும். பெரியவர்களுக்குப் புதிதாகச் சந்து விழுந்தாலோ, இருந்த சந்து அகலமானாலோ முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். சர்க்கரை இருந்தால் ஈறு நோய் இன்னும் முற்றும். ஈறு நோய் இருந்தால் சர்க்கரையும் கட்டுக்குள் நிற்காது. அப்பாவுக்குச் சர்க்கரை என்று சொன்னதும், என்னை ஒரு ரத்தப் பரிசோதனைக்கும் அனுப்பினார். எல்லைக்கோட்டில் நின்றது.

திருச்சியில் அன்றைக்குக் கிரவுன் போட்டிருந்தால்? சந்து மறைந்திருக்கும். அழகாகக்கூட இருந்திருக்கும். உள்ளே எலும்பு அதன்பாட்டுக்குக் கரைந்துகொண்டிருக்கும். முழுக் கிரவுனுக்குப் பல்லின் வெளித்தெரியும் பாகத்தில் பாதிக்கு மேல் ராவ வேண்டியிருக்கும். எனாமல் திரும்ப வளராது. அப்படி ராவின பல்லை, ஆடுகிற வேரின் மேல் வைத்து, அப்பா வயதுக்கு முன்னாலேயே நானும் பல்செட்டுக்குப் போயிருப்பேன். ஊரில் நல்ல டாக்டர்கள் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஈறை அளந்து, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துப் பொறுமையாகத் திட்டம் போடுகிறவர்கள் திருச்சியிலும் இருப்பார்கள். ஆனால் "எனக்கு ரெண்டு வாரம்தான் இருக்கு, அதுக்குள்ள முடிங்க" என்று போய் நின்றது நான். அப்படிக் கேட்டால், ரெண்டு வாரத்தில் முடிகிற வேலையைத்தான் செய்து கொடுப்பார்கள்.

ஈறு வேலைக்கு அந்தக் குளிர்காலம் முழுக்கப் போனது. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேர் வரைக்கும் சுத்தம் செய்தார்கள். இங்கே 2021 ஜூலையில் விதி மாறிய பிறகு, ஈறு நோய்ச் சிகிச்சையையும் அதற்குப் பிந்தைய இரண்டு வருஷப் பராமரிப்பையும் க்ராங்கன்காஸே, அதாவது அரசு முறைக் காப்பீடு, கொடுத்துவிடுகிறது. அழகுக்காகச் சந்தை மூட ஒரு சென்ட்கூடக் கொடுக்காது. முதலில் இது எனக்கு எரிச்சலாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் அவர்கள் வைத்திருக்கிற வரிசை சரிதான்.

மூன்று மாதம் கழித்து அளந்தபோது ஆறு நாலாகக் குறைந்திருந்தது, ரத்தம் இல்லை. இன்னொரு ஆச்சரியம்: ஈறு வீக்கம் வற்றியதும் சந்தும் தானாகவே 2.1க்கு வந்திருந்தது. சிலருக்கு இப்படிக் கொஞ்சம் திரும்பி வரும் என்றார். அதற்குப் பிறகும் சில மாதம் எதுவும் செய்யாமல், எண்கள் அப்படியே நிற்கிறதா என்று மட்டும் பார்த்தார். சந்தை எப்படி மூடுவது என்ற பேச்சே 2024 மே மாதம்தான் ஆரம்பமானது.

எனக்கு என்னமோ இதெல்லாம் ஒரு மணி நேர வேலை என்ற நினைப்பு. ரெண்டு மில்லிமீட்டர் ஓட்டை. இந்தப் பக்கம் ஒரு மில்லிமீட்டர், அந்தப் பக்கம் ஒரு மில்லிமீட்டர் கம்போசிட் ஒட்டினால் தீர்ந்தது. "சரி, பாத்துடலாமே" என்று அவர் ஒட்டும் மருந்து எதுவும் போடாமல், வெறும் கம்போசிட்டைக் கையாலேயே சந்தில் வைத்து அழுத்தி, லைட் அடித்து, கண்ணாடியைக் கொடுத்தார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. சந்து மூடியிருந்தது. ஆனால் நடுவில் இரண்டு பீரோக் கதவு நிற்கிற மாதிரி இருந்தது. என் முகமே இல்லை. போட்டோ எடுத்துக்கொண்டு, நகத்தால் தட்டுவது போலத் தட்டி அதை எடுத்துவிட்டார்.

அதற்கான கணக்கு எளிமையானது. என் முன்பல் ஒன்றின் அகலம் 8.4 மி.மீ., உயரம் 10.8. அகலத்தை உயரத்தால் வகுத்தால் சுமார் 0.78. மேல் முன்பற்கள் பெரும்பாலும் 0.75க்கும் 0.80க்கும் நடுவில் இருந்தால் கண்ணுக்கு இயல்பாகத் தெரியும். சந்தை முழுக்க இந்த ரெண்டு பல்லின் தலையிலேயே கட்டினால் அகலம் 9.45, விகிதம் 0.88. பல் சதுரமாகிவிடும். ஆக, மூடுவது என்றாலும் அந்த 2.1 மில்லிமீட்டர் எங்கேயும் காணாமல் போவதில்லை. அதை யார் யாருக்குப் பிரித்துக் கொடுப்பது என்பதுதான் கேள்வி. (தங்க விகிதம், 1.618, என்று நான் ராத்திரி உட்கார்ந்து ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டுக்கொண்டு போனேன். "நிஜ வாயில அது அபூர்வமாத்தான் இருக்கும்" என்று சிரித்துவிட்டு மடித்து ஃபைலில் வைத்துவிட்டார். கிழித்துப் போடாததே மரியாதை.)

என் பக்கத்துப் பற்கள் இரண்டும் 6.2 மி.மீ.; கொஞ்சம் சின்னவை. அதனால் திட்டம் இப்படி வந்தது. முதலில் அலைனர் போட்டு நடுப்பற்கள் இரண்டையும் உள்ளே சாய்த்து, ஒன்றை ஒன்று நெருங்கவிடுவது, நடுவில் 0.7 மட்டும் மிச்சம் வைப்பது. மீதி 1.4 நடுப்பல்லுக்கும் பக்கத்துப் பல்லுக்கும் இடையில், ஆளுக்கு 0.7 என்று போய்விடும். பிறகு நடுப்பல் ஒவ்வொன்றுக்கும் 0.35 கம்போசிட், பக்கத்துப் பற்களுக்கு 0.7. நடுப்பல் 8.75 ஆகும், விகிதம் 0.81. பக்கத்துப் பல் 6.9. கதவு ஜன்னலாகிவிடும்.

எனக்குப் புரியாத இன்னொரு விஷயம் ஈறு. பற்கள் தொடும் இடத்துக்குக் கீழே முக்கோணமாக ஈறு ஏறி நிற்கிறதே, எலும்பு தேய்ந்தவர்களுக்கு அது முழுசாக ஏறாது; சந்தை மூடின பிறகு ஈறுப் பக்கம் கறுப்பாக ஒரு முக்கோணம் தெரியும். பற்கள் தொடும் புள்ளியிலிருந்து எலும்பு வரைக்கும் 5 மி.மீ. அல்லது குறைவாக இருந்தால் ஈறு கிட்டத்தட்ட எப்போதும் நிரம்பும், 6 என்றால் பாதிப் பேருக்குத்தான், 7 என்றால் கால்வாசிப் பேருக்கு என்று டென்னிஸ் டார்னோவும் அவர் குழுவும் 1992லேயே அளந்து எழுதியிருக்கிறார்கள். எனக்கு 7. எலும்பை ஏற்ற முடியாது. ஆனால் தொடும் புள்ளியை ஈறை நோக்கி நகர்த்தலாம். அதனால் கம்போசிட்டை ஈறு விளிம்புக்குள்ளிருந்தே மெதுவாக அகலமாகும்படி வளர்த்து, தொடும் இடத்தை நீளமாக்கினார். இப்போதும் உற்றுப் பார்த்தால் எறும்புத் தலை அளவுக்கு ஒரு கறுப்பு தெரியும். அதை முன்கூட்டியே சொல்லி, படத்தில் காட்டி, "இது இருக்கும், சரியா?" என்று கேட்டுத்தான் செய்தார். சொல்லாமல் செய்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன்.

அலைனர் ஐந்து மாதம். இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சாப்பிடும்போது கழற்றணும், காபியைச் சப்பிச் சப்பிக் குடிக்கிற பழக்கம் தானாகவே போய்விடும்.

2025 ஜனவரியில் ஸ்கேன் எடுத்து, மாதிரி அச்சு செய்து, அதன் மேல் லேபில் புதுப் பல் வடிவத்தை மெழுகில் செதுக்கினார்கள். அந்த வடிவத்துக்கு ஒரு சிலிகான் அச்சு எடுத்து, அதில் தற்காலிகப் பிசினை ஊற்றி என் பல் மேல் அழுத்தினால், எதையும் ராவாமலே நாளைய பல் இன்றைக்கு வாயில் வந்துவிடுகிறது. மாக்-அப் என்கிறார்கள். பேசச் சொன்னார். "ஃபுன்ஃபுண்ட்ஃபுன்ஃப்ட்சிஷ்" சொல்லுங்கள் என்றார். ஐம்பத்தைந்துக்கு ஜெர்மன். ஒரு சொல்லில் நாலு ஃப. நம் நாக்குக்கு இது ஏற்கெனவே ஒரு தண்டனை. அவர் பார்த்தது என் உச்சரிப்பை அல்ல: ஃப சொல்லும்போது மேல்பல் நுனி கீழுதட்டில் ஈரமும் உலர்வும் சந்திக்கிற கோட்டில் தொடுகிறதா என்று. அதைத் தாண்டி உதட்டின் மேல் உட்கார்ந்தால் பல் நீளம் அதிகம்.

அன்றைக்கு முழுக்க அதோடு வீட்டுக்குப் போகச் சொன்னார். எட்டு வயது மகன், "அம்மா, நீ பேஸ்ட் விளம்பரத்துல வர்ற ஆன்ட்டி மாதிரி இருக்க" என்றான். அது பாராட்டு இல்லை. வீட்டுக்காரர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "வலது பக்கம் கொஞ்சம் நீளமோ?" என்றார். மறுநாள் போய்ச் சொன்னேன். அரை மில்லிமீட்டர் குறைத்தார். இந்த ஒரு நாள் வெள்ளோட்டத்துக்காகவே திட்டம் போடுகிற டாக்டரிடம் போகலாம். கோட் எழுதிச் சம்பாதிக்கிறவள் நான். டெஸ்ட் பண்ணாமல் ரிலீஸ் பண்ணினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் சொந்தப் பல்லுக்கு அது தோன்றவில்லை.

ஒட்டின நாளில் மூன்றரை மணி நேரம். உட்கார்ந்ததும் முதல் வேலையாக நிறம் பார்த்தார். வாய் திறந்தே இருந்தால் பல் காய்ந்து வெளுப்பாகத் தெரியும், அப்புறம் பார்த்தால் நிறம் தப்பிவிடும். ரப்பர் ஷீட் கட்டி எச்சிலைத் தள்ளிவைத்து, எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கி, பசை தடவி, சிலிகான் அச்சைப் பின்பக்கம் முட்டுக்கொடுத்து, அடுக்கு அடுக்காகக் கம்போசிட் வைத்து ஒவ்வொன்றுக்கும் நீல லைட். எனாமலை அமிலத்தால் பதப்படுத்தினால் பிசின் பிடித்துக்கொள்ளும் என்று 1955இல் மைக்கேல் புவனகோர் என்பவர் காட்டியதுதான் இதற்கெல்லாம் அடிப்படை. ஊசி இல்லை. ராவல் இல்லை. பீங்கான் வெனீரும் கேட்டேன். அது கறை பிடிக்காது, பளபளப்பு நிற்கும். ஆனால் என் ஈறு இன்னும் கண்காணிப்பில் இருக்கிறது. நாளைக்கே வடிவம் மாற்ற வேண்டி வந்தால் கம்போசிட்டில் சேர்க்கலாம், குறைக்கலாம். அதுதான் இப்போதைக்கு என்றார். நாலு பல்லுக்கு 1,100 யூரோ. அலைனர் செலவு தனி.

கம்போசிட்டின் எதிரி நம் சமையலறையில் இருக்கிறது: மஞ்சள். காபி, டீயும்தான். முதல் இரண்டு நாள் தயிர்சாதம், இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி. அதற்குப் பிறகு எல்லாம் சாப்பிடுகிறேன்; சாம்பார் சாப்பிட்டால் உடனே வாய் கொப்பளிக்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை பாலிஷ். ஓரம் உடைந்தால் ஒட்டிக்கொள்ளலாம். பல்லை வெளுப்பாக்கும் ஆசை இருக்கிறவர்கள் அதை முதலில் செய்துவிட்டு, இரண்டு வாரமாவது பொறுத்து ஒட்டணும். ஒட்டின கம்போசிட் பிறகு வெளுக்காது. நடுப்பற்களுக்குப் பின்னால் மெல்லிய கம்பி ஒன்று நிரந்தரமாக இருக்கிறது, இல்லையென்றால் பல் பழைய இடத்தைத் தேடிப் போகும். அந்தக் கம்பிக்கு அடியில் தினமும் ராத்திரி குட்டி பிரஷ் விட்டுச் சுத்தம் செய்யணும். சோம்பல் வரும் நாளில் எக்ஸ்ரேயை நினைத்துக்கொள்கிறேன்.

இந்தக் கதையைக் கேட்கிற தோழிகள் உடனே கேட்பது குழந்தைகளைப் பற்றி. என் மகனுக்கும் நல்ல அகலமான சந்து. நான் பதறிக்கொண்டு கூட்டிப்போனேன். ஏழெட்டு வயதில் மேல் முன்பற்கள் முளைக்கும்போது சந்து இருப்பது இயல்பு. பதினொன்று, பன்னிரண்டு வயதில் கோரைப்பற்கள் இறங்கும்போது அவை தள்ளித் தள்ளிப் பெரும்பாலும் தானாகவே மூடிவிடும். மேலுதட்டிலிருந்து ஈறுக்கு வரும் நார் தடித்து இறங்கியிருந்தால்கூட, பொதுவாக அதுவரைக்கும் வெட்டாமல் காத்திருப்பார்கள். ஒரு எக்ஸ்ரே மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். சிலருக்கு நடு எலும்புக்குள் கூடுதலாக ஒரு குட்டிப்பல் ஒளிந்திருக்கும், அல்லது பக்கத்துப் பல்லே இல்லாமல் இருக்கும். இவனுக்கு அதெல்லாம் இல்லை. "விரல் சூப்பறானா?" என்று கேட்டார். இல்லை. அப்படியானால் நாலு வருஷம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

புதுப் பல்லோடு அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். பத்து நிமிஷம் பேசியும் அவர் எதுவும் சொல்லவில்லை. நானே சிரித்துக் காட்டினேன். "ஏன்டி, முகத்துல ஏதோ மாத்தம் தெரியுது, இளைச்சுட்டியா?" என்றார். சொன்னதும்தான் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். "இத்தனை நாளா எதுக்குடி இழுத்தடிச்ச?" என்று அதற்கும் ஒரு திட்டு. அப்பா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆறு மில்லிமீட்டர் இருந்தது, ரத்தம் வந்தது, எலும்பு தேய்ந்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்கும் பல்லு தேய்க்கையில ரத்தம் வரும். வேப்பங்குச்சி பழக்கம் விட்டதால வருதுன்னு நெனச்சேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவருடைய பல் போய் ஏழெட்டு வருஷமாகிவிட்டது.

சென்னையில் இருக்கும் தம்பிக்கு இருபத்தொன்பது வயது. அவனுக்கும் சந்துப்பல். சந்து பெருசாகியிருக்கிறதா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா, நம்ம வீட்டுப் பல்லு" என்றான். பழைய போட்டோவும் புதுப் போட்டோவும் எடுத்து வை என்று மூன்று வாரம் தினமும் மெசேஜ் போட்டேன். தொல்லை தாங்காமல் போன வாரம் ஒரு ஈறு டாக்டரிடம் போயிருக்கிறான். ஆழம் குறித்த சார்ட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினான். நிறைய 2, 3. முன்பற்களில் இரண்டு இடத்தில் 5. ஈறு சுத்தம் செய்ய அடுத்த சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்களாம். சந்தை மூடுவதைப் பற்றி அவன் இன்னும் எதுவும் கேட்கவில்லை. நானும் இப்போதைக்குச் சொல்லப் போவதில்லை.